காசு கேட்காத கம்ப்யூட்டர்!

2025 அக்டோபர் 14. அன்று மும்பையில் எந்தக் கடையும் அடைக்கவில்லை. எந்த லோக்கலும் நிற்கவில்லை. ஆனால் தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் பகுதிகளில் 'டைப்பிங், ஜெராக்ஸ், ரயில் டிக்கெட்' என்று போர்டு மாட்டியிருக்கும் சின்னஞ்சிறு கடைகளில் உள்ள எத்தனையோ கம்ப்யூட்டர்கள் அன்று முதல் பூட்டில்லாத வீடுகள் ஆகிவிட்டன. 'விண்டோஸ் 10' என்ற இயக்கமுறைக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் இலவசமாக அனுப்பி வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் அன்றோடு முடிந்தன.

2015 ஜூலையில் வந்த சரக்கு அது. பத்தாண்டு ஓடியது. பதிவு செய்துகொண்ட வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு என்று நிறுவனம் அறிவித்தது. அதற்கு அடுத்ததான 'விண்டோஸ் 11'க்கு மாறலாமே என்று கேட்கலாம். மாறலாம், கம்ப்யூட்டர் இடம் கொடுத்தால்! 'டி.பி.எம். 2.0' என்ற பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும். பிராசஸர் ஏறக்குறைய 2018-க்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். லாமிங்டன் ரோட்டில் பேரம் பேசி வாங்கி வந்த செகண்ட் ஹாண்ட் மிஷின்களில் பல இந்தப் பரீட்சையில் தேறுவதில்லை. மிஷின் என்னவோ நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் அதைத் தூக்கிப் போட வேண்டுமாம்.

தூக்கிப் போட வேண்டியதில்லை. காசு கொடுக்காமல், திருட்டுக் காப்பியும் போடாமல், அதே மிஷினை இன்னும் பல ஆண்டுகள் ஓட்டுவதற்கு ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் லினக்ஸ்.

காகிதம் சிக்கியதால் வந்த கதை

கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுப்பது இயக்கமுறை. விசைப்பலகையில் தட்டியதைத் திரையில் காட்டுவது, பிரிண்டருக்கு அனுப்புவது, எழுதியதைச் சேமித்து வைப்பது எல்லாம் அதன் வேலை. இதைக் காசு வாங்காமல் தருகிறார்கள் என்றால், அதில் ஏதோ சூது இருக்குமோ என்று சந்தேகம் வருவது இயற்கை. சந்தேகம் தீர வேண்டுமானால் பழைய கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் வேலை பார்த்தார். அங்கிருந்த பிரிண்டரில் அடிக்கடி காகிதம் சிக்கும். பிரிண்டர் ஒரு மாடியில், ஆட்கள் வேறு மாடிகளில். இறங்கிப்போய்ப் பார்த்தால்தான் சிக்கியிருப்பது தெரியும். ஆகவே காகிதம் சிக்கியதும் காத்திருப்பவர்களின் திரையில் செய்தி வரும்படி பிரிண்டரின் மென்பொருளை ஸ்டால்மன் மாற்றி எழுதி வைத்தார். எல்லாருக்கும் வசதி. 1980 வாக்கில் புதிய பிரிண்டர் வந்தது. அதிலும் காகிதம் சிக்கியது. ஆனால் அதன் மென்பொருளின் மூலவரிகளைத் தரவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்துக்காரரிடம் போய்க் கேட்டார். 'வெளியே கொடுப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்' என்று அவர் கை விரித்தார்.

ஸ்டால்மனுக்கு அது உறுத்தியது. பக்கத்துக்காரனுக்கு உதவக்கூடாது என்று ஒரு கையெழுத்தா? 1983 செப்டம்பரில், யாரும் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற நான்கு உரிமைகளோடு ஓர் இயக்கமுறையை எழுதப் போவதாக அறிவித்தார். அதற்கு 'க்னூ' என்று பெயர் வைத்தார். மறு ஆண்டே வேலையையும் விட்டுவிட்டார்.

பல பகுதிகள் தயாராகின. நடுவில் இருந்து எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் கரு மட்டும் அமையவில்லை. அதைக் கொடுத்தவர் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த அவர், 1991-ல் தம் 21-வது வயதில், பொழுதுபோக்காக எழுதத் தொடங்கியது அது. அதுதான் லினக்ஸ். அதன் சின்னமான பென்குவின் பறவை 1996-ல் வந்து சேர்ந்தது.

ஊர்ப் பொதுக் கிணற்றை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். யார் வேண்டுமானாலும் இறைக்கலாம். சகடை தேய்ந்தால் தெரிந்தவன் மாட்டுவான். தூர் வாருவதற்கு நான்கு பேர் இறங்குவார்கள். 'என் கிணறு' என்று யாரும் பூட்டுப் போட முடியாது. ஒரு வேறுபாடு: இந்தக் கிணற்றில் பெரிய கம்பெனிகளும் சம்பளத்துக்கு ஆள் வைத்துத் தூர் வாருகின்றன. காரணம், அவர்களும் இதில்தான் தண்ணீர் எடுக்கிறார்கள். ஆண்ட்ராய்டு செல்போன் வைத்திருக்கும் ஒவ்வொருவரின் சட்டைப் பையிலும் இருப்பது லினக்ஸ் கருதான். உலகின் மிக வேகமான 500 கம்ப்யூட்டர்களின் பட்டியலில், 2017 நவம்பர் முதல் 500-லும் லினக்ஸ்தான் ஓடுகிறது.

90 அடி சாலையில் ஒரு கடை

தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்தில் ஒரு டைப்பிங் கடை. உரிமையாளர் நெல்லைச் சீமைக்காரர். ஊரில் டைப்ரைட்டிங் லோயரும் ஹையரும் முடித்து, மும்பைக்கு வந்து, வக்கீல் ஆபீசில் தட்டச்சராக இருந்து, பிறகு சொந்தமாகக் கடை போட்டவர். பயோடேட்டா, வாடகை ஒப்பந்தம், பான் கார்டு விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் உண்டு. கடையில் இரண்டு மிஷின்கள். இரண்டிலும் திருட்டு விண்டோஸ். பழுதானால் ஒரு பையன் வந்து மறுபடியும் 'போட்டுவிட்டு'ப் போவான். அதனோடு வேறு என்னென்ன வந்து உட்கார்ந்தது என்று யாருக்குத் தெரியும்?

2022-ல் ஒருநாள் காலையில் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. பணம் கட்டினால் திறந்து விடுவதாகத் திரையில் ஓர் அறிவிப்பு. பத்தாண்டு வேலை போயிற்று. பயோடேட்டா போனால் திரும்ப அடித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில்தான் முப்பது குடும்பங்கள் சேர்ந்து நடத்திய சீட்டுக் கணக்கும் இருந்தது. யார் எத்தனை தவணை கட்டினார், யார் எடுத்தார் என்ற விவரம் முழுவதும் பூட்டிக்கொண்டது. இரண்டு வாரம் அந்த மனிதர் சரியாகத் தூங்கவில்லை. கம்ப்யூட்டரை நம்பாத அவர் மனைவி, வரவு செலவை நாற்பது பக்க நோட்டிலும் எழுதி வைத்திருந்தார். மானம் தப்பியது.

அடுத்த ஆண்டு வேலை தேடி வந்து அவர் வீட்டில் தங்கிய அக்காள் மகன்தான் லினக்சைக் கொண்டு வந்தவன்.

"என்னல இது, புதுசா இருக்கு? இதுல தமிழ் வருமா?"

"வரும் மாமா. நீங்க படிச்ச டைப்ரைட்டர் மாதிரியே வரும்."

"துட்டு?"

"ஒண்ணும் இல்ல மாமா. நாலு பேருக்குக் காப்பி போட்டுக் குடுத்தாலும் யாரும் கேக்க மாட்டாங்க."

மாமா நம்பவில்லை. ஒரு மிஷினில் மட்டும் போடச் சொன்னார். போட்டது 'லினக்ஸ் மின்ட்'. லினக்ஸ் ஒன்றுதான் என்றாலும் அதைப் பல குழுக்கள் பலவிதமாகக் கட்டித் தருகின்றன. டெபியன் 1993-ல் தொடங்கியது. அதை வைத்து 2004-ல் உபுண்டு. உபுண்டுவை வைத்து 2006-ல் மின்ட். விண்டோஸ் பழகியவர்களுக்கு மின்ட் எளிது. கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று பழகிய இடத்தில் எல்லாம் இருக்கும். 2 ஜி.பி. நினைவகம் இருந்தாலே ஓடும் என்கிறார்கள், 4 ஜி.பி. இருந்தால்தான் நிம்மதி. மின்ட்டின் ஒவ்வொரு பதிப்புக்கும் 'ஆ' ஓசையில் முடியும் பெண் பெயர் வைப்பது வழக்கம். முதல் பதிப்பின் பெயர் 'அடா'! 2024-ல் வந்த 22-ம் பதிப்பு 'வில்மா'. அதற்கு 2029 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்.

திருத்தங்களைப் பற்றி ஒரு வார்த்தை. லினக்சில் வைரஸே வராது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அது சரியல்ல. சாதாரண மேசைக் கம்ப்யூட்டரில் அபாயம் வெகு குறைவு, அவ்வளவுதான். எந்த மென்பொருளையும் கண்ட இடத்திலிருந்து இறக்காமல் மின்ட்டின் சொந்தக் கிடங்கிலிருந்தே எடுத்துக்கொள்வதும், எதை நிறுவினாலும் அது கடவுச்சொல் கேட்பதும் முக்கியக் காரணங்கள். மற்றபடி போலி இ-மெயிலை நம்பி வங்கி எண்ணைக் கொடுப்பவனை எந்த இயக்கமுறையும் காப்பாற்ற முடியாது.

விசைப்பலகையும் தமிழும்

மும்பைக் கடைக்காரருக்குத் தமிழ் அடிப்பது பிழைப்பு. சங்கத்து நோட்டீஸ், கோயில் கொடை வசூல் ரசீது, ஊருக்குப் போகும் கடிதம் என்று தமிழ் வேலை வந்துகொண்டேயிருக்கும். ஆகவே இந்தப் பகுதியை விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

லினக்சில் 'ஐபஸ்' என்ற பொறியும், அதனோடு சேரும் 'எம்17என்' என்ற தொகுப்பும் உள்ளன. இரண்டையும் கிடங்கிலிருந்து நிறுவிவிட்டால் தமிழுக்குப் பல விசைப்பலகை முறைகள் கிடைக்கும். பழைய தட்டச்சு முறை ஒன்று. ரெமிங்டன் மிஷினில் பழகிய விரலுக்கு அதுவே சுகம். ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழைப் பெறும் ஒலிபெயர்ப்பு முறை மற்றொன்று. மூன்றாவது 'தமிழ்99'. 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட முறை அது. உயிர் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. புள்ளி வைக்கத் தனியாகத் தட்ட வேண்டிய இடங்கள் குறைவு. 'க'வை இருமுறை தட்டினால் முதல் 'க'வின் தலையில் புள்ளி தானே விழும். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டல் போதும். புதிதாகக் கற்பவர்கள் இதைக் கற்பதே மேல். பழைய தட்டச்சர்களை மாறச் சொல்வது வீண் வேலை.

ஒரு சிக்கல் உண்டு. பல கடைகளில் பழைய தமிழ் ஃபைல்கள் பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கின்றன. அவை உண்மையில் தமிழ் எழுத்துகளே அல்ல. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேடம் போட்டவை. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வேடம் கலைந்து ஆங்கிலக் குப்பை தெரியும். இது லினக்சின் குற்றமல்ல. அந்த எழுத்துரு இல்லாத விண்டோசிலும் இதே கதிதான். அந்த எழுத்துருவை நிறுவினால் லினக்சிலும் தெரியும். ஆனாலும் ஃபைல்களை ஒருமுறை யூனிகோடுக்கு மாற்றி வைத்துவிடுவது நல்லது. அதற்கான மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. யூனிகோடில் இருக்கும் தமிழ், செல்போனிலும் தெரியும், தேடினாலும் அகப்படும்.

எழுத்து வேலைக்கு 'லிப்ரே ஆபீஸ்'. 2010-ல் ஓப்பன் ஆபீசிலிருந்து பிரிந்து வந்தது. கடிதத்துக்கு ரைட்டர், கணக்குக்கு கால்க், படக்காட்சிக்கு இம்ப்ரெஸ். மெனுக்களையும் தமிழில் வைத்துக்கொள்ளலாம், தன்னார்வலர்கள் மொழிபெயர்த்தது. 'கோப்பு', 'திருத்து' என்று இருக்கும். அரசு ஆபீசில் கோப்பு பார்த்தவர்களுக்கு அது புதிதல்ல. இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. லிப்ரே ஆபீஸ் தன்னிச்சையாக 'ஓ.டி.டி.' என்ற வடிவில் சேமிக்கும். வேலைக்கு மனுப் போடுகிறவர்கள் அப்படியே அனுப்பினால் எதிர்முனையில் இருப்பவருக்குக் கோணல்மாணலாகத் தெரியலாம். பயோடேட்டாவை பி.டி.எஃப். ஆக மாற்றி அனுப்ப வேண்டும். ஒரே பொத்தான்தான். எதிராளி திருத்த வேண்டிய கடிதமானால் வேர்டு வடிவில் சேமிக்க வேண்டும். டைம்ஸ் நியூ ரோமனுக்குப் பதிலாக, எழுத்துக்கு எழுத்து அதே அகலமுள்ள 'லிபரேஷன்' எழுத்துரு இருக்கிறது. ஆகவே ஒரு பக்கம் இரண்டு பக்கமாக நீளாது.

பயர்பாக்ஸ் கூடவே வரும். ரயில் டிக்கெட், மின்கட்டணம், ஆதார், வங்கி எல்லாம் அதில் முடியும். புகைப்படத்தைப் பாஸ்போர்ட் அளவுக்கு வெட்ட கிம்ப். ஊர்த் திருவிழா வீடியோ பார்க்க வி.எல்.சி.

எதற்கு ஆகாது?

நல்லதை மட்டும் சொல்லிக் கடைக்காரர்களை மாட்டிவிடுவது நியாயமல்ல. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடைகளில் பேஜ்மேக்கரும் கோரல்டிராவும்தான் சோறு போடுகின்றன. அவை லினக்சில் நேராக ஓடா. அந்த ஃபைல்களை லிப்ரே ஆபீஸ் டிரா திறக்கும். ஆனால் வரிகள் இடம் மாறலாம். இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் என்று மாற்றுகள் இருக்கின்றன. நல்ல மாற்றுகளே. ஆனால் முகூர்த்த மாதத்தில் புதிதாகக் கற்க முடியாது. டாலியும் விண்டோசுக்காக எழுதப்பட்டது. கட்டைவிரல் வைத்துப் பணம் எடுத்துக் கொடுக்கும் கருவிகளுக்கான மென்பொருள் பெரும்பாலும் விண்டோசுக்கும் ஆண்ட்ராய்டுக்குமே தரப்படுகிறது. சில பழைய லேசர் பிரிண்டர்கள் லினக்சோடு மல்லுக்கு நிற்கும். எச்.பி. நிறுவனம் தன் பிரிண்டர்களுக்கு லினக்ஸ் மென்பொருளைத் தானே தருகிறது. அந்த வகை வைத்திருப்பவர்களுக்குக் கவலை குறைவு.

90 அடி சாலைக் கடைக்காரர் என்ன செய்தார்? ஒரு மிஷினில் மின்ட், மற்றதில் விண்டோஸ். பேஜ்மேக்கர் வேலை முழுவதும் விண்டோஸ் மிஷினில். அதன் இன்டர்நெட் கம்பியைப் பிடுங்கிவிட்டார். வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பென்டிரைவ் முதலில் மின்ட் மிஷினில்தான் ஏறும். சீட்டுக் கணக்கும் அதில்தான். மனைவி மட்டும் இன்னும் நோட்டை விடவில்லை.

அரசாங்கங்களும் இப்படித் தட்டித் தடவித்தான் போயிருக்கின்றன. ஜெர்மனியில் மியூனிக் நகராட்சி 2003-ல் லினக்சுக்கு மாற முடிவு செய்து, சுமார் 15 ஆயிரம் கம்ப்யூட்டர்களை மாற்றி, 2017-ல் விண்டோசுக்கே திரும்ப முடிவெடுத்தது. நம் அண்டை மாநிலமான கேரளம் அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாக லினக்சை வைத்தே பாடம் நடத்துகிறது. பள்ளிகளுக்கென்றே தனிப் பதிப்பும் வைத்திருக்கிறார்கள். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையிலிருந்து உருவாக்கிய 'பாஸ்' லினக்சில் இந்திய மொழிகள் இருக்கின்றன. 2011-ல் தமிழகத்தில் மாணவர்களுக்கு இலவச லாப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது அவற்றில் விண்டோசோடு பாசும் சேர்ந்தே வந்தது. ஊரில் தம்பிக்கும் தங்கைக்கும் கிடைத்த லாப்டாப்பில் அதைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்!

போடுவதற்கு முன்

மின்ட்டை நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. 8 ஜி.பி. பென்டிரைவ் ஒன்று வேண்டும். அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். ஆகவே காலி டிரைவாக இருக்கட்டும். மின்ட்டின் சொந்த இணையதளத்திலிருந்து, சுமார் 3 ஜி.பி. அளவுள்ள ஃபைலை இறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற சிறு மென்பொருளால் பென்டிரைவில் எழுத வேண்டும். பிறகு கம்ப்யூட்டரை அணைத்துப் போடும்போது எஃப்12 போன்ற விசையைத் தட்டினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். விசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் அதிலிருந்தே மின்ட் ஓடும். ஹார்ட் டிஸ்கைத் தொடாது. வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டர் அசைகிறதா, ஒலி வருகிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம். கொஞ்சம் மந்தமாக இருக்கும். பென்டிரைவின் வேகம் அவ்வளவுதான். பிடிக்காவிட்டால் பென்டிரைவை உருவிக்கொண்டு மறுபடி தொடங்க, பழைய விண்டோஸ் வந்துவிடும்.

பிடித்திருந்து, நிறுவத் துணிந்தால் இரண்டு வழி. விண்டோசின் பக்கத்திலேயே போடலாம். தொடங்கும்போது எது வேண்டும் என்று கேட்கும். அல்லது டிஸ்க் முழுவதையும் துடைத்துப் போடலாம். எந்த வழியானாலும் ஃபைல்களை முதலில் வெளி டிஸ்கில் ஒரு காப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்த காப்பி வேறு கம்ப்யூட்டரில் திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 'துடைத்துப் போடு' என்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திவிட்டுப் பிறகு அழுதவர்கள் உண்டு. டிஸ்க் சுழலும் வகையாக இருந்தால், அதை மாற்றி எஸ்.எஸ்.டி. போட்டுக்கொள்வது நலம். பழைய மிஷினுக்குச் செய்யக்கூடிய ஒரே உருப்படியான செலவு அதுதான்.

கற்றுக்கொள்ள

இதையெல்லாம் கற்றுத்தர வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. மும்பைக்காரர்களின் வாசலிலேயே, பவாயில் உள்ள ஐ.ஐ.டி. பம்பாயில் தொடங்கிய 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம் இருக்கிறது. வேதிப் பொறியியல் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில், மத்திய அரசின் உதவியோடு வளர்ந்தது. லினக்ஸ், லிப்ரே ஆபீஸ், கிம்ப் முதலியவற்றுக்குப் பாடங்கள் உண்டு. ஒவ்வொரு பாடமும் ஏறக்குறைய பத்து நிமிடம். திரையில் செய்முறை ஓடும், குரல் விளக்கும். அந்தக் குரலை இந்திய மொழிகள் பலவற்றில் மாற்றிப் பதிந்திருக்கிறார்கள், தமிழிலும் இருக்கிறது. ஆங்கிலம் தடுமாறுகிறவர்களை மனத்தில் வைத்தே செய்யப்பட்ட ஏற்பாடு அது. பாடத்தைப் பார்த்தபடியே பக்கத்தில் செய்து பழக வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் முறை. தமிழில் எழுத்தாகவே படிக்க விரும்புவோருக்கு, 2012 முதல் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றியே எழுதிவரும் 'கணியம்' இருக்கிறது.

வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கு வீட்டில் நேரம் கிடைப்பது கஷ்டம்தான். பாடங்களை முதல்நாள் இரவே செல்போனில் இறக்கி வைத்துக்கொண்டால், கல்யாணிலிருந்து ஸ்லோ லோக்கலில் சி.எஸ்.எம்.டி. வந்து சேர்வதற்குள் ஐந்தாறு பாடம் பார்த்துவிடலாம். கூட்டத்தில் கையை உயர்த்தி செல்போனைப் பிடிக்க இடம் இருந்தால்!